வேலை நேரத்தில் எம்.பி. குடிக்கலாமா? மதுக்கூடம் உள்ள நாடாளுமன்றத்தின் கதை

2010 ஜூலையில் ஒரு நாள், பின்னிரவு இரண்டரை மணி. லண்டனில் பிரிட்டன் நாடாளுமன்றத்தின் காமன்ஸ் அவையில் நிதி மசோதா மீது வாக்கெடுப்பு நடக்கிறது. ஆளுங்கட்சி எம்.பி. ஒருவரை மட்டும் காணவில்லை. பெயர் மார்க் ரெக்லெஸ். தேர்தலில் ஜெயித்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. எங்கே போனார்? எங்கும் போகவில்லை, நாடாளுமன்ற வளாகத்துக்குள்ளேயேதான் இருந்தார். வாக்களிக்கும் நிலையில் இல்லை, அவ்வளவுதான். வளாகத்திலேயே நன்றாகக் குடித்திருந்தார்.

பிறகு அவரே ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். யாரோ வந்து ஓட்டுப் போடக் கூப்பிட்டது நினைவிருக்கிறது, ஆனால் இருந்த நிலையில் வாக்களிப்பது சரியில்லை என்று தோன்றியது என்றார். இனி வெஸ்ட்மின்ஸ்டரில் குடிப்பதாக இல்லை என்றும் சொன்னார். 'ரெக்லெஸ்' என்றால் ஆங்கிலத்தில் 'பொறுப்பில்லாத' என்று பொருள். அன்றைக்குப் பத்திரிகைகள் தலைப்புக்காகக் கஷ்டப்பட்டிருக்க வேண்டியதே இல்லை.

ஊரே சிரித்த இந்தச் சம்பவத்தில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். குடித்திருந்ததால் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டவர் செய்தியானார். அதே இரவில், அதே மதுக்கூடங்களில் உட்கார்ந்துவிட்டு, மணி அடித்ததும் எழுந்துபோய் ஓட்டுப் போட்டவர்கள் யாரும் செய்தியாகவில்லை. அவர்களுடைய வாக்குகள் எண்ணப்பட்டன.

அரசியல்வாதி குடிக்கலாமா என்பது பழைய கேள்வி. அதற்கு ஒழுக்கம், மதம், பண்பாடு என்று ஆளுக்கொரு பதில் இருக்கும். இங்கே பார்க்கப்போவது அதைவிடக் குறுகலான ஒன்று: வேலைக்கு வருவதற்கு முன்போ, வேலை நடந்துகொண்டிருக்கும்போதோ குடிக்கலாமா? பிரிட்டன் நாடாளுமன்றம் இதற்கு நல்ல உதாரணம். ஏனென்றால் அங்கே மதுக்கூடம் வேலையிடத்துக்கு உள்ளேயே இருக்கிறது.

உரிமம் தேவைப்படாத 'பார்'

வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனைக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட மதுக்கூடங்கள் உண்டு. அவற்றில் பெயர் பெற்றது 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் பார்'. உறுப்பினர் அல்லாதவர்களை 'அந்நியர்கள்' என்று அழைப்பது அந்த அவையின் பழைய வழக்கம். எம்.பி.க்கள் தங்கள் விருந்தினரை அழைத்துவரக்கூடிய இடம் என்பதால் இந்தப் பெயர். தேம்ஸ் நதியைப் பார்த்த மொட்டைமாடித் தாழ்வாரம் பக்கத்திலேயே இருக்கிறது.

பிரிட்டனில் ஒரு தெருமுனைக் கடை மது விற்க வேண்டுமென்றால் உரிமம் வேண்டும். நாடாளுமன்றத்துக்கு வேண்டாம். இதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வழக்கு இருக்கிறது. 1930களில் ஏ.பி. ஹெர்பர்ட் என்ற நகைச்சுவை எழுத்தாளர், காமன்ஸ் அவையின் சமையலறைக் குழு உரிமம் இல்லாமல் மது விற்கிறது என்று புகார் கொடுத்தார். சட்டம் போடுகிற இடமே சட்டத்தை மீறலாமா என்பது அவருடைய கேள்வி. விஷயம் உயர் நீதிமன்றம் வரை போனது. அவைக்குள் நடப்பது அவையின் உள்விவகாரம், அதில் நீதிமன்றம் தலையிடாது என்று தீர்ப்பு வந்தது. ஹெர்பர்ட் தோற்றார். அப்புறம் அவரே எம்.பி. ஆகி அந்த அவைக்குள் நுழைந்தது தனிக்கதை.

இந்தத் தீர்ப்பை வெறும் வேடிக்கையாகக் கடந்துவிட முடியாது. எந்த நேரம் திறப்பது, எப்போது மூடுவது, யாருக்கு ஊற்றுவதை நிறுத்துவது என்று எல்லாவற்றையும் முடிவு செய்பவர்கள் எம்.பி.க்களும் அவர்கள் அமைத்த நிர்வாகமும்தான். வெளியிலிருந்து யாரும் வந்து கேட்க முடியாது. குடிப்பவரும் கடைக்காரரும் விதி எழுதுபவரும் ஒரே கூட்டம்.

மணி அடித்தால் எட்டு நிமிடம்

இவ்வளவு குடி எங்கிருந்து வந்தது என்று கேட்டால், பதில் பெரும்பாலும் கடிகாரத்தில் இருக்கிறது.

காமன்ஸ் அவையில் வாக்கெடுப்பு என்றால் மணி அடிக்கும். எட்டு நிமிடத்துக்குள் எம்.பி. வாக்களிக்கும் கூடத்துக்குள் நுழைந்துவிட வேண்டும், அதன்பின் கதவு சாத்தப்படும். அந்த மணி நாடாளுமன்றத்துக்குள் மட்டும் ஒலிப்பதில்லை. பக்கத்தில் இருக்கும் சில மதுக்கடைகளிலும் உணவகங்களிலும்கூட இணைப்பு கொடுத்து வைத்திருக்கிறார்கள். செயின்ட் ஸ்டீபன்ஸ் டாவர்ன் என்ற கடையில் மணி அடித்தால் பாதிக் கிளாஸை வைத்துவிட்டு ஓடும் எம்.பி.க்களைப் பற்றிக் கதைகள் ஏராளம்.

எம்.பி.யின் நாளை நினைத்துப் பாருங்கள். தொகுதி ஸ்காட்லாந்திலோ வடக்கு இங்கிலாந்திலோ இருக்கும். குடும்பம் அங்கே. திங்கள் முதல் வியாழன் வரை லண்டனில் தனியாக ஒரு அறை. மாலையில் விவாதம் நடக்கிறது, ஆனால் வாக்கெடுப்பு எப்போது என்று சரியாகத் தெரியாது. பத்து மணிக்கு இருக்கலாம், முன்பெல்லாம் நள்ளிரவு தாண்டியும் இருந்தது. கட்சிக் கொறடா 'வளாகத்தை விட்டுப் போகாதே' என்று உத்தரவு போட்டிருக்கிறார். பேச வாய்ப்பில்லை, வீட்டுக்கும் போக முடியாது. நான்கு மணி நேரம் என்ன செய்வது? கீழே பார் திறந்திருக்கிறது, தெரிந்த முகங்கள் இருக்கின்றன. 'சும்மா ஒண்ணு' என்று ஆரம்பிப்பது இப்படித்தான்.

ஆகவே இங்கே குடி என்பது வேலைக்குப் பிறகான ஓய்வு என்று சொல்ல முடியாது. அது காத்திருப்பின் பகுதி, அந்தக் காத்திருப்போ வேலையின் பகுதி. 2000களின் தொடக்கத்திலிருந்து அவை நேரத்தை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். விடிய விடிய நடந்த அமர்வுகள் குறைந்தன. பழைய ஆட்கள் பலர், இப்போதெல்லாம் முன்பு போல யாரும் குடிப்பதில்லை என்று சொல்வது அதனால்தான். மனிதர்கள் திருந்தியதைவிட நேர அட்டவணை திருந்தியதுதான் அதிகம் வேலை செய்திருக்கிறது என்பது என் எண்ணம்.

பட்ஜெட் நாளில் மட்டும் ஒரு சலுகை

அவைக்குள், விவாதம் நடக்கும் கூடத்தில், யாரும் மது அருந்தக் கூடாது. இதற்கு ஒரே ஒரு விலக்கு உண்டு. பட்ஜெட் உரை வாசிக்கும் நிதியமைச்சர் விரும்பினால் கிளாஸை மேசை மேல் வைத்துக்கொள்ளலாம். கிளாட்ஸ்டன் ஷெரி ஒயினில் அடித்த முட்டையைக் கலந்து குடிப்பாராம். டிஸ்ரேலி பிராந்தியில் தண்ணீர். அண்மைக் காலத்தில் ஜெஃப்ரி ஹவ் ஜின் அன்ட் டானிக், 1990களில் கென்னத் கிளார்க் விஸ்கி. அவருக்குப் பின் வந்த கார்டன் பிரவுன் தண்ணீருக்கு மாறினார். அதன்பிறகு பட்ஜெட் மேசையில் தண்ணீர்தான் வழக்கமாகிவிட்டது. சலுகையை யாரும் ரத்து செய்யவில்லை. பயன்படுத்தத்தான் துணிச்சல் இல்லை.

'குடித்திருக்கிறார்' என்று சொன்னால் அது குற்றம்

1983 ஜூலையில் நடந்தது இந்த விஷயத்தில் மிக முக்கியமான சம்பவம் என்று நினைக்கிறேன். ஆலன் கிளார்க் அப்போது வேலைவாய்ப்புத் துறையின் இளைய அமைச்சர். பெண்களுக்குச் சம ஊதியம் தொடர்பான விதிமுறைகளை அவையில் அறிமுகப்படுத்திப் பேச வேண்டியது அவர் வேலை. அந்த மாலை ஒயின் ருசி பார்க்கும் விருந்து ஒன்றுக்குப் போய்விட்டு நேராக அவைக்கு வந்தார். அதிகாரிகள் எழுதிக் கொடுத்த உரையை முன்கூட்டிப் படிக்கவும் இல்லை. குழறலும் கிண்டலுமாக, தான் வாசிப்பதைத் தானே நம்பாத தொனியில், பக்கங்களைத் தள்ளித் தள்ளி வாசித்தார்.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்த கிளேர் ஷார்ட், அந்த ஆண்டுதான் எம்.பி. ஆனவர், எழுந்தார். சக உறுப்பினரைக் குடித்திருக்கிறார் என்று சொல்ல அவை மரபில் இடமில்லை என்று படித்திருப்பதாகச் சொல்லிவிட்டு, ஆனாலும் அமைச்சர் நிதானத்தில் இல்லை என்றே தான் கருதுவதாகச் சொன்னார். அவையில் ஒரே அமளி. கடைசியில் வார்த்தையைத் திரும்பப் பெற வேண்டியிருந்தது கிளேர் ஷார்ட்தான். அமைச்சருக்கு ஒன்றும் ஆகவில்லை. பத்து ஆண்டு கழித்து 1993இல் கிளார்க்கின் நாட்குறிப்பு நூலாக வந்தது. அதில் அந்த மாலை ஒயின் கதையை அவரே ரசனையோடு எழுதியிருந்தார். ஷார்ட் சொன்னது சரி என்று அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது.

ஒரு தொழிற்சாலையில் இப்படி நடந்திருந்தால்? மேற்பார்வையாளர் வாடை பிடித்தவுடன் வீட்டுக்கு அனுப்பியிருப்பார். இங்கே வாடையைச் சொன்னவர்தான் மன்னிப்புக் கேட்கும் நிலைக்குத் தள்ளப்பட்டார். அன்றைய விவகாரம் பெண்களின் சம்பளம் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அந்த விதிமுறைகளை நம்பியிருந்த பெண்களில் எத்தனை பேருக்கு, தங்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசிய அமைச்சரின் நிலை அன்று என்னவென்று தெரிந்திருக்கும்?

பத்திரிகைகளும் இந்த மரபுக்கு ஏற்றபடி ஒரு தந்திரம் கண்டுபிடித்திருந்தன. 1960களில் வெளியுறவு அமைச்சராக இருந்த ஜார்ஜ் பிரவுனின் குடி ஊரறிந்தது. 'குடித்திருந்தார்' என்று அச்சடித்தால் மானநஷ்ட வழக்கு வரும். அதனால் 'களைப்பாகவும் உணர்ச்சிவசப்பட்டும் இருந்தார்' என்ற சொற்றொடரை 'பிரைவேட் ஐ' என்ற கிண்டல் பத்திரிகை பிரபலமாக்கியது. இன்றும் பிரிட்டனில் ஒரு தலைவர் 'களைத்திருந்தார்' என்று செய்தி வந்தால் வாசகர்கள் சிரித்துக்கொள்வார்கள்.

ஒரு தலைமுட்டு செய்த வேலை

2012 பிப்ரவரியில் ஒரு புதன்கிழமை இரவு, ஸ்ட்ரேஞ்சர்ஸ் பாரில் தொழிற்கட்சி எம்.பி. எரிக் ஜாய்ஸ், கன்சர்வேட்டிவ் எம்.பி. ஸ்டூவர்ட் ஆண்ட்ரூவைத் தலையால் முட்டினார். வேறு சிலரும் அடி வாங்கினார்கள். போலீஸ் வந்தது. நீதிமன்றத்தில் ஜாய்ஸ் குற்றத்தை ஒப்புக்கொண்டார். 3,000 பவுண்டு அபராதம், மூன்று மாதம் மதுக்கடைகளுக்குள் நுழையத் தடை. கட்சி இடைநீக்கம் செய்தது. அடுத்த தேர்தலில் நிற்கப்போவதில்லை என்று அறிவித்தார்.

இதுவரை சாதாரண சண்டைச் செய்தி. ஆனால் அவருடைய ஃபால்கர்க் தொகுதிக்குப் புது வேட்பாளர் தேவைப்பட்டார். அந்தத் தேர்வில் ஒரு பெரிய தொழிற்சங்கம் தன் ஆட்களைக் கட்சி உறுப்பினர்களாகச் சேர்த்து முறைகேடு செய்ததாக 2013இல் குற்றச்சாட்டு எழுந்தது. சங்கம் மறுத்தது. சர்ச்சையை அடக்கக் கட்சித் தலைவர் எட் மிலிபாண்ட் தலைமைத் தேர்தல் விதிகளையே மாற்றினார். ஒரு உறுப்பினருக்கு ஒரு வாக்கு என்ற அந்தப் புதிய விதியின்கீழ்தான், யாரும் எதிர்பாராத ஜெரமி கோர்பின் 2015 செப்டம்பரில் தலைவரானார். ஒரு தலைமுட்டினால்தான் எல்லாம் நடந்தது என்று சொல்வது மிகை. ஆனால் சங்கிலியின் முதல் வளையம் அந்த பாரில் இருந்தது என்பதை மறுக்கவும் முடியாது.

பத்து ஆண்டு கழித்து இன்னொரு சங்கிலி. 2022 ஜூன் 29 இரவு, கார்ல்டன் கிளப் என்ற தனியார் மனமகிழ் மன்றத்தில், ஆளுங்கட்சியின் துணைத் தலைமைக் கொறடா கிறிஸ் பின்ச்சர் இரண்டு ஆண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டார் என்று புகார். மறுநாள் பதவி விலகினார். அளவுக்கு மீறிக் குடித்துவிட்டேன் என்று கடிதத்தில் எழுதினார். அவர்மீது முன்பே புகார்கள் இருந்தது பிரதமர் போரிஸ் ஜான்சனுக்குத் தெரியுமா, தெரியாதா என்பதில் பிரதமர் அலுவலகம் மாற்றி மாற்றிப் பேசியது. ஜூலை 5ஆம் தேதி நிதியமைச்சர் ரிஷி சுனக்கும் சுகாதார அமைச்சர் சாஜித் ஜாவிதும் ராஜினாமா செய்தார்கள். ஜூலை 7இல் ஜான்சனே விலகுவதாக அறிவித்தார்.

அதே அரசு அதற்கு முன்பே மது விஷயத்தில் அடிபட்டிருந்தது. கொரோனா ஊரடங்கில் சாவு வீட்டுக்குக்கூட மக்கள் போக முடியாத நாட்களில், பிரதமர் இல்லமும் அலுவலகமுமான டவுனிங் தெருவில் விருந்துகள் நடந்தன. சூட்கேஸில் ஒயின் வந்தது. லண்டன் போலீஸ் 83 பேருக்கு மொத்தம் 126 அபராதங்கள் விதித்தது. பிரதமருக்கும் ஒன்று. அங்கே மக்களைக் கொதிக்க வைத்தது மது மட்டும் என்று சொல்ல முடியாது, விதி போட்டவர்களே விதியை மீறியதுதான். ஆனால் வேலையிடத்தில் கிளாஸ் எடுப்பது அவ்வளவு இயல்பாகிப் போயிருந்ததால், 'இது வேலையா, விருந்தா?' என்ற கேள்வியே அவர்களுக்குத் தோன்றவில்லை. பிரதமர் அதை வேலை நிகழ்ச்சி என்றே நினைத்ததாகச் சொன்னார்.

தேர்தலையே அறிவித்துவிட்ட இரவு

குடி ஒரு நாட்டின் பாதையைத் தொட்ட இரவு என்று எனக்குத் தோன்றுவது நியூசிலாந்தில். 1984 ஜூன் 14. பிரதமர் ராபர்ட் மல்டூனுக்கு அவையில் பெரும்பான்மை மயிரிழையில் நின்றது. அணு ஆயுதமில்லா நாடு என்ற கொள்கை தொடர்பாக அவருடைய சொந்தக் கட்சி எம்.பி. மேரிலின் வேரிங் முரண்டு பிடித்து, கட்சியின் கட்டுப்பாட்டிலிருந்து விலகுவதாகச் சொன்னார். அன்று இரவு மல்டூன் நிறையக் குடித்திருந்தார். ஆளுநரைப் போய்ப் பார்த்துவிட்டு, இரவு பதினொன்றுக்கு மேல் நிருபர்கள் முன் வந்தார். நவம்பர் வாக்கில் வர வேண்டிய தேர்தல் ஜூலை 14இல் நடக்கும் என்று அறிவித்தார். வார்த்தைகள் குழறுவது தொலைக்காட்சியில் நாடே பார்க்கத் தெரிந்தது. ஒரு மாதம் என்பது ரொம்பக் குறைவாயிற்றே என்று நிருபர் கேட்டதற்கு, எதிர்க்கட்சிக்கும் அவ்வளவுதானே நேரம் என்ற பொருளில் பதில் சொன்னார்.

தோற்றார். 95 இடங்களில் தொழிற்கட்சி 56 பிடித்தது, மல்டூனின் கட்சிக்கு 37. தேர்தல் அறிவிப்பே நாட்டின் நாணயத்தை ஆட்டிவிட்டது. டாலர் மதிப்பு குறையப் போகிறது என்று பணம் வெளியே ஓடியது. புதிய அரசு பதவியேற்கும் முன்பே நாணய மதிப்பை 20 சதவீதம் குறைக்க வேண்டி வந்தது, அதையும் மல்டூன் முதலில் மறுத்து அடம்பிடித்தார். அதன்பின் வந்த அரசு பொருளாதாரத்தையே தலைகீழாக மாற்றியமைத்தது. அணு ஆயுத எதிர்ப்பை 1987இல் சட்டமாக்கியது. திடீர்த் தேர்தலை ஆங்கிலத்தில் 'ஸ்நாப்' என்பார்கள். நியூசிலாந்துக்காரர்கள் அதை 'ஷ்னாப்ஸ் தேர்தல்' என்று மதுவின் பெயராலேயே நினைவில் வைத்திருக்கிறார்கள். நிதானத்தில் இருந்திருந்தால் மல்டூன் ஒரு ராத்திரி தூங்கி எழுந்து முடிவெடுத்திருப்பாரா என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்த ஒரு ராத்திரியை அவர் தனக்குக் கொடுத்துக்கொள்ளவில்லை.

ஜப்பானில் முடிவு இன்னும் வேகமாக வந்தது. 2009 பிப்ரவரியில் உலகப் பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நேரம். ரோமில் ஜி-7 கூட்டம் முடிந்து நிதியமைச்சர் ஷோயிச்சி நகாகவா பத்திரிகையாளர் சந்திப்புக்கு வந்தார். கண் சொக்குகிறது, பேச்சு குழறுகிறது. சளி மருந்தை அதிகம் சாப்பிட்டுவிட்டேன், ஒயின் கொஞ்சம்தான் என்று விளக்கம் கொடுத்தார். மூன்றாம் நாள் பதவி போனது. அந்த ஆகஸ்ட் தேர்தலில் தோற்றார். அக்டோபரில் இறந்துபோனார், வயது 56. அந்தக் காணொளியைப் பார்த்து உலகம் சிரித்தது. இப்போது பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

'சர்ச்சில் குடிக்கலையா?'

இந்தப் பேச்சை எடுத்தாலே வரும் பதில் இது. காலையிலேயே விஸ்கி சோடா, சாப்பாட்டோடு ஷாம்பெயின், இரவில் பிராந்தி. அப்படி இருந்துதானே போரை ஜெயித்தார்?

அந்த விஸ்கியில் சோடாதான் அதிகம் என்று உடனிருந்தவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அது இருக்கட்டும். ஜெயித்த குடிகாரரை மட்டும் எண்ணுவது, லாட்டரியில் விழுந்தவரை மட்டும் பேட்டி எடுப்பது மாதிரி. அதோடு, வேலை நேரக் குடியைக் கண்டு கூசியவர்களில் சர்ச்சிலும் ஒருவர். 1911இல் பிரதமர் அஸ்குவித் ஒரு நாள் இரவு அவையில் பேசக்கூட முடியாத நிலையில் இருந்ததைப் பார்த்துத் தனக்கு வெட்கமாக இருந்தது என்று மனைவிக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். இரவுச் சாப்பாடு வரைக்கும் பிரதமர் பிரமாதம், அதற்குப் பிறகுதான் சிக்கல் என்பது அந்தக் கடிதத்தின் சாரம்.

சார்லஸ் கென்னடியின் கதை இதைவிடச் சிக்கலானது. லிபரல் டெமாக்ரட் கட்சித் தலைவரான அவர், 2003இல் இராக் போரை எதிர்த்தார். பெரிய இரண்டு கட்சிகளின் தலைமையும் ஒரு பக்கம் நின்றபோது எதிர்த்து நின்றவர். 2005 தேர்தலில் கட்சிக்கு 62 இடங்கள் வாங்கிக் கொடுத்தார். 2006 ஜனவரியில், குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை பெற்றுவருவதை ஒப்புக்கொண்டார். இரண்டே நாளில் தலைமைப் பதவியிலிருந்து விலக வேண்டி வந்தது. 2015இல் தொகுதியை இழந்தார், சில வாரங்களில் 55 வயதில் இறந்தார். நிதானமாக இருந்த பலர் தப்பு செய்த விஷயத்தில் அவர் சரியாக முடிவெடுத்தார். குடிக்காதவரெல்லாம் நல்ல முடிவெடுப்பார் என்றும் இல்லை என்பதற்கு அவரே சாட்சி. அதேசமயம், வேலையிடத்திலேயே பார் வைத்திருக்கும் ஒரு நிறுவனம், குடி நோயோடு போராடும் ஒருவருக்கு எவ்வளவு கொடூரமான இடம் என்பதையும் யோசிக்க வேண்டும்.

ஆஸ்திரேலியாவின் பாப் ஹாக் வேறு வழி எடுத்தார். ஆக்ஸ்ஃபோர்டில் படிக்கும்போது இரண்டரை பைன்ட் பீரைப் பதினோரு விநாடியில் குடித்துச் சாதனைப் புத்தகத்தில் இடம்பிடித்தவர் அவர். 1980இல் நாடாளுமன்றத்துக்குள் நுழையத் தீர்மானித்தபோது குடியை நிறுத்தினார். 1983 முதல் 1991 வரை பிரதமராக இருந்த காலம் முழுக்கத் தொடவில்லை. பதவி போன பிறகு மறுபடி ஆரம்பித்தார், கிரிக்கெட் மைதானத்தில் பீர் குடிக்கும் தாத்தாவாக மக்கள் அவரைக் கொண்டாடினார்கள். குடியை அவர் பாவம் என்று நினைத்ததாகத் தெரியவில்லை. அந்த வேலைக்கு அது ஒத்துவராது என்று நினைத்தார்.

பைலட்டுக்கு ஒன்று, எம்.பி.க்கு ஒன்று

பிரிட்டனில் விமானி ரத்தத்தில் 100 மில்லி லிட்டருக்கு 20 மில்லி கிராம் ஆல்கஹாலுக்கு மேல் இருக்கக் கூடாது. இங்கிலாந்தில் கார் ஓட்டுபவருக்கு 80. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்கு 30. விமானி பறப்பதற்கு முந்தைய 12 மணி நேரம் தொடவே கூடாது. ரயில் இன்ஜின் ஓட்டுநர் பணியில் சேரும்போது ஊதிக் காட்ட வேண்டும். போருக்கு ஓட்டுப் போடுகிறவருக்கு மட்டும் எண் எதுவும் இல்லை.

அப்படியானால் அவை வாசலிலும் ஊதச் சொல்லலாமே? கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் எம்.பி. என்பவர் ஊழியர் அல்லர், ஒரு தொகுதியின் பிரதிநிதி. அவரை வாசலில் நிறுத்தினால் அந்தத் தொகுதியின் வாக்கு நிறுத்தப்படுகிறது. அந்தக் கருவி யார் கையில் இருக்கும், ஒரு வாக்கில் அரசு கவிழும் இரவில் அது எப்படிப் பயன்படும் என்று யோசித்தால் உடனே தயக்கம் வரும். அமைச்சர்கள் விஷயம் வேறு. அவர்களை நியமிப்பவர் பிரதமர். 'பணியில் இருக்கும்போது குடிக்காதே' என்று நடத்தை விதியில் ஒரு வரி எழுத அவருக்கு யாரும் தடை இல்லை. நெருக்கடி வேளை என்றால் அது இன்னும் அவசியம். 1973 அக்டோபரில் மத்திய கிழக்குப் போர் நடந்துகொண்டிருந்தபோது, பிரிட்டன் பிரதமர் ஹீத்தின் தொலைபேசி அழைப்பை அதிபர் நிக்சனால் எடுக்க முடியவில்லை. அவர் போதையில் இருக்கிறார் என்று கிஸ்ஸிங்கர் தன் உதவியாளரிடம் சொன்ன உரையாடல் 2004இல் வெளியானது. அது இருபதாண்டு பழைய கிசுகிசு இல்லை, எழுத்தில் பதிவான பேச்சு.

எம்.பி.க்கள் விஷயத்தில் செய்யக்கூடியது இன்னும் எளிது. வாக்கெடுப்பு முடியும் வரை பாரை மூடிவைக்கலாம். வாக்கெடுப்பு நேரத்தை முன்கூட்டியே சொல்லலாம். காத்திருக்க வேறு இடம் கொடுக்கலாம். இதைச் சொன்னால் 'நாங்க என்ன சின்னப் பிள்ளைகளா?' என்று கோபப்படுவார்கள். அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோர் எம்.பி.க்கள் இல்லை என்பதை அந்தக் கோபத்தில் மறந்துவிடுகிறார்கள்.

எனக்கு இதில் கடைசியாகப் புரிந்ததும், முதலில் சொல்லியிருக்க வேண்டியதும் இதுதான். எம்.பி. அலுவலக உதவியாளர்கள், ஆய்வாளர்கள், சமையலறை ஊழியர்கள், பார் ஊழியர்கள் என்று ஒரு பெரிய கூட்டம் அந்த வளாகத்தில் இருக்கிறது. உதவியாளர்கள் பலர் இருபதுகளில் இருப்பவர்கள். அவர்களை நேரடியாக வேலைக்கு வைப்பதும் எடுப்பதும் அந்தந்த எம்.பி.தான். எதிர்காலம் யார் கையில் இருக்கிறதோ அவரோடு இரவு பத்து மணிக்கு ஒரே மேசையில் குடிக்க வேண்டிய சூழலில், 'வேண்டாம் சார்' என்று எழுந்துபோவது அவ்வளவு சுலபமில்லை. 2018இல் தொல்லைப் புகார்களுக்கென்று தனி அமைப்பு உருவாக்கிய பிறகும் இந்தச் சூழல் போய்விடவில்லை. 2025 ஜனவரியில் ஸ்ட்ரேஞ்சர்ஸ் பாரில் தன் பானத்தில் ஏதோ கலக்கப்பட்டதாக ஒரு பெண் ஊழியர் புகார் கொடுத்தார். போலீஸ் விசாரணை, பார் மூடல். பிறகு கூடுதல் பாதுகாப்பு ஏற்பாடுகளோடு திறந்தார்கள்.

இந்தியாவில் வேறு மாதிரிச் சிக்கல்

நம் நாடாளுமன்றத்திலும் சட்டமன்றங்களிலும் பார் கிடையாது. அரசியல் சட்டத்தின் 47ஆவது பிரிவே மதுவிலக்கை நோக்கிப் போகச் சொல்கிறது. தலைவர் கையில் கிளாஸோடு ஒரு படம் வந்தாலே போதும், அது எந்த நேரம், எந்த இடம் என்று யாரும் கேட்க மாட்டார்கள். விளைவு, வீட்டில் ஞாயிற்றுக்கிழமை குடித்தவரும் அவைக்குக் குடித்துவிட்டு வந்தவரும் ஒரே தட்டில் வைக்கப்படுகிறார்கள். ஒருவரை ஒருவர் 'குடிகாரன்' என்று திட்டிக்கொள்வது மேடைப் பேச்சாகவே முடிந்துவிடுகிறது, விதியாக எதுவும் மிஞ்சுவதில்லை.

பிகாரில் 2016 ஏப்ரலில் மதுவிலக்கு வந்தது. அதற்கான மசோதா நிறைவேறியபோது உறுப்பினர்கள் குடிக்க மாட்டோம் என்று உறுதிமொழியும் எடுத்தார்கள். 2021 நவம்பர் கடைசியில், கூட்டத்தொடர் நடந்துகொண்டிருக்கும்போதே, சட்டமன்ற வளாகத்தில் காலி மதுபாட்டில்கள் கிடந்தன. எதிர்க்கட்சி கூச்சல் போட்டது, முதல்வர் நிதிஷ் குமார் விசாரணைக்கு உத்தரவிட்டார். வளாகத்தில் அதிகாரபூர்வமாக மதுக்கூடம் இல்லாததால், எந்த நேரத்தில் மூட வேண்டும் என்று விவாதிக்க அங்கே எதுவும் இருக்கவில்லை.